நாற்பது நிமிடச் சுற்றறிக்கை

ஒரு நல்ல ஆங்கில வாக்கியத்தை எழுதி, அதைக் கொண்டே ஒரு மனிதரின் காரைத் தண்ணீரில் மூழ்கடித்தவன் நான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டும் விதங்களும் உண்டு. அவை தவறு என்பதால் நானே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

முதலில் என் வியாதியைப் பற்றி. தி. நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், நான் ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள், வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள், மேனேஜர் ஆன பிறகு மெயில் எழுதத் தெரியாமல் முழிக்கிறவர்கள் எல்லோரும் வருவார்கள். அங்கே என் பேர்போன பாடம் பாரலல் ஸ்ட்ரக்சர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 'அவன் பாடுவான், ஆடுவான், சமையலும் உண்டு' என்று சொன்னால் காதில் ஏதோ இடறுகிறது அல்லவா? 'பாடுவான், ஆடுவான், சமைப்பான்' என்றால் சரியாக உட்கார்ந்துவிடுகிறது. ஒரு வரிசையில் வருகிறவை எல்லாம் ஒரே வடிவத்தில் வர வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல நான் ஆறு வகுப்பு எடுத்துக்கொள்வேன்.

தமிழில் யாராவது இப்படி இடறினால் எனக்கு ஒன்றும் ஆகாது. ஆங்கிலத்தில் இடறினால் ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். ஹோட்டல் மெனு, லிஃப்ட் அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எதையும் விட்டு வைத்ததில்லை. மயிலாப்பூரில் என் சித்தப்பா காலமானபோது, பேப்பரில் போடுவதற்காக யாரோ எழுதி வைத்திருந்த ஆங்கில விளம்பரத்தைப் பார்த்தேன். அன்பான கணவர், பாசமான தந்தை, அப்புறம் 'எல்லோருக்கும் உதவினார்' என்று இருந்தது. முதல் இரண்டும் பெயர், மூன்றாவது வினை. சும்மா இருக்க முடியுமா? மாடிப்படியில் உட்கார்ந்து நான் திருத்தி முடித்து எழுந்தபோது, சித்தப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். (சித்தி இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.) அப்போதே நான் ஒரு வைத்தியரைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காததால் அடுத்த விபரீதம் வேளச்சேரியில் நடந்தது.

வேளச்சேரியில் நாங்கள் இருப்பது இருபத்து நான்கு வீடுகள் கொண்ட அடுக்குமாடி. ஆங்கிலம் தெரிந்தவர் என்ற ஒரே தகுதிக்காக என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள். நான் பதவிக்கு வந்ததும் செய்த முதல் காரியம், வாட்ஸ்அப் குழுவைப் பூட்டியது. அதற்கு முன் அந்தக் குழுவில் காலை வணக்கம், நாய் யார் வீட்டு வாசலில் என்ன செய்தது, குப்பை வண்டி ஏன் வரவில்லை என்று நாள் முழுக்கச் சண்டை. இனிமேல் செயலாளர் மட்டும்தான் எழுதலாம், மற்றவர்கள் படிக்கலாம் என்று தீர்மானம் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து என் சுற்றறிக்கைகள் மட்டும் குழுவில் கம்பீரமாக வரும். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிய என் சுற்றறிக்கையை எங்கள் வகுப்பில் மாதிரிக்கு வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேளச்சேரிக்காரர்களுக்கு மழை என்றால் மேம்பாலம். பெருமழை வரும் என்று தெரிந்தால் காரைக் கொண்டுபோய்ப் பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிட்டு, நடந்து வீட்டுக்கு வந்துவிடுவோம். தண்ணீர் வடிந்த பிறகு போய் எடுத்து வருவோம். இடம் முந்தியவருக்கு. இதோடு இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் கோபால் என்று ஒருவர், அங்குள்ள அடுக்குமாடியின் செயலாளர். தண்ணீர் முதலில் அவர்கள் தெருவுக்கு வரும், அப்புறம் எங்கள் தெருவுக்கு. அதனால் அவர் எனக்குப் போன் செய்வார், நான் எங்கள் குழுவில் போடுவேன். அந்த இடைவெளியில் கார்கள் பாலம் ஏறிவிடும். பல வருஷம் ஒழுங்காக நடந்த ஏற்பாடு இது.

ஏழுமலையை இப்போது சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறார். டாக்சி ஓட்டுகிறவர். பல வருஷம் அடுத்தவர் வண்டி ஓட்டி, சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். பின் கண்ணாடியில் மகள் பெயரைச் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார். எங்கள் அடுக்குமாடியில் மற்றவர்களின் கார் மூழ்கினால் ஆபீசுக்கு ரயிலில் போவார்கள். ஏழுமலையின் கார் மூழ்கினால் அடுப்பு எரியாது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

அன்று விடாத மழை. என் வகுப்புக்கு விடுமுறை விட்டிருந்தேன். காலை எட்டு மணிக்கே என் காரை மேம்பாலத்தில் ஏற்றிவிட்டு வந்து பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். (ஆம், என் கார் பத்திரமாக இருந்தது. இதை மறைத்தால் கதைக்குப் பாதி அவமானம் குறைந்துவிடும்.) பகல் பன்னிரண்டு மணிக்கு ஏழுமலை மாடிக்கு வந்தார். விடிய விடிய விமான நிலையத்துக்கும் ஊருக்கும் ஓட்டிவிட்டு வந்தவர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், தண்ணி வரும்னு சொல்றாங்கோ. உங்களுக்கு எதுனா போன் வந்துச்சா?"

"இன்னும் இல்லை ஏழுமலை."

"ராத்திரி ஃபுல்லா முழிச்சுகினு கீறேன் சார். ஏழு மணிக்கு இன்னொரு சவாரி கீது. பாலத்துல வுட்டுட்டு அந்தாண்டருந்து நடந்து வந்து, மறுபடி நடந்து போகணும்னா தூக்கமே போச்சு. கொஞ்சம் படுத்துக்கிறேன். நீங்க குரூப்ல போட்டா போதும். போனைத் தலைமாட்டுலயே வெச்சுகினு படுக்கிறேன், சவுண்டு ஃபுல்லா வெச்சுக்கிறேன். மெசேஜ் வந்த அடுத்த நிமிஷம் வண்டியை எடுத்துடுவேன்."

"நிம்மதியாத் தூங்குங்கோ. நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

நான் பார்த்துக்கொண்ட அழகை இனிச் சொல்கிறேன்.

சரியாக நான்கு மணிக்குக் கோபால் போன் செய்தார். "சார், எங்க தெருவுல முட்டி வரைக்கும் வந்தாச்சு. வழக்கத்தைவிட வேகமா வருது. உடனே சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் வீட்டிலும் வேலை இருக்கும் அல்லவா.

நான் உடனே போனை எடுத்து ஆங்கிலத்தில் தட்டினேன். தமிழாக்கினால் இப்படி வரும்: 'தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. கார்களைப் பாலத்துக்கு. குடிநீர் பிடித்து வைக்கவும். பாம்பும் உண்டு.' நான்கு வரி. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அனுப்பும் பொத்தானின் மேல் கட்டைவிரல் இருந்தது. அங்கேதான் ஒரு தடவை படித்துப் பார்த்தேன்.

ஒரு வரியில் முழு வாக்கியம், அடுத்ததில் வினையே இல்லை, மூன்றாவது கட்டளை, நான்காவது என்னவென்றே சொல்ல முடியாது. என் மாணவர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மை தீர்ந்துபோயிருக்கும். இருபத்து மூன்று வீட்டுக்காரர்கள் இதைப் படிப்பார்கள். அவர்களில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். செயலாளருக்கே சரியாக எழுதத் தெரியவில்லை என்று நினைக்க மாட்டார்களா? அழித்தேன்.

மேஜையில் உட்கார்ந்து, காகிதத்தை எடுத்து, முறையாக ஆரம்பித்தேன். உறுப்பினர்கள் தங்கள் வாகனங்களை அகற்றவும், தங்கள் பாத்திரங்களை நிரப்பவும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அழகாக வந்தது. இரண்டும் ஒரே வடிவம், ஒரே நீளம். மூன்றாவதாகத் தங்கள் மோட்டாரை நிறுத்தவும் என்று சேர்த்தேன். அதுவும் கச்சிதம். தொல்லை கொடுத்தது பாம்பு. முந்தைய மழையில் மாடிப்படியில் ஒரு பாம்பு வந்திருந்ததால் அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் வாகனங்களை அகற்றலாம், பாத்திரங்களை நிரப்பலாம், மோட்டாரை நிறுத்தலாம். பாம்பை என்ன செய்வது? 'தங்கள் பாம்புகளை' என்றும் எழுத முடியாது. பாம்புகள் யாருக்கும் சொந்தமில்லை.

வசந்தா, என் மனைவி, சமையலறையில் குடங்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது அவளுக்கும் தெரியும். "ஏன்னா, குரூப்ல போட்டேளா?" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்."

"அதுக்குள்ள நான் கீழே போய் ஏழுமலை ஆத்துக் கதவைத் தட்டிட்டு வந்துடறேனே."

இந்த இடத்தில் நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்காது. "வேண்டாம் வசந்தா. ஒருத்தருக்கு மட்டும் முன்னாடி சொன்னா பட்சபாதம்னு பேசுவா. முறைப்படி சர்க்குலர் போகட்டும். எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரியணும்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். செயலாளர் சொல்கிறாரே, ஏதோ சட்டம் இருக்கும் போலிருக்கிறது என்று குடத்துக்குத் திரும்பிவிட்டாள். அப்படி ஒரு சட்டமும் இல்லை.

நான் பாம்புக்குத் திரும்பினேன். 'தங்கள் கதவுகளை மூடவும்' என்று போட்டால் வடிவம் சரியாக வரும், பாம்பும் உள்ளே வராது. ஆனால் எதற்காக மூட வேண்டும் என்பது தெரியாது. 'பாம்புகள் வராமல்' என்று சேர்த்தால் நான்காவது மட்டும் நீண்டுவிடும். அப்படியானால் மற்ற மூன்றுக்கும் ஒரு காரணம் சேர்த்து நீட்ட வேண்டும். வாகனங்கள் மூழ்காமல், பாத்திரங்கள் காலியாகாமல், மோட்டார் எரியாமல். சேர்த்தேன். இப்போது நான்கும் சம நீளம். படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் 'தங்கள்' விட்டுப்போயிருந்தது. போட்டேன். திரும்பவும் படித்தேன். அப்போது என் மனதில் இருந்த திருப்தியை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வாக்கியம் நான் எழுதியதில்லை.

அனுப்பியபோது மணி நான்கு நாற்பது.

கீழே ஒரு கதவு படாரென்று திறந்த சத்தம் மூன்றாவது மாடி வரை கேட்டது. ஏழுமலை சொன்ன சொல் தவறவில்லை. மெசேஜ் வந்த அடுத்த நிமிடம் ஓடியிருக்கிறார். நான் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். தெருவே தெரியவில்லை. காபி நிறத்தில் தண்ணீர் எங்கள் கேட்டைத் தாண்டி, அடித்தளக் கார் நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவில் கொட்டிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்துக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டது. நான் படி இறங்கி ஓடினேன்.

ஏழுமலை சரிவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். லுங்கியும் பனியனும். கையில் கார்ச் சாவி. உள்ளே அவருடைய கார் தரையிலிருந்து கிளம்பி மிதந்துகொண்டிருந்தது. மிதந்து மிதந்து ஒரு தூணில் மெதுவாக இடிக்கும், விலகும், மறுபடி இடிக்கும். அதன் முன்விளக்குகள் தாமாகவே எரிந்து தண்ணீருக்குள் மஞ்சளாகத் தெரிந்தன. அவர் சாவியிலிருந்த பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பின் கண்ணாடியில் இருந்த மகளின் பெயரில் பாதிதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

"உள்ளே போகாதீங்கோ ஏழுமலை" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"இல்ல சார்" என்றார். "இன்னா சார், இவ்ளோ சீக்கிரம் வந்துச்சு?"

நான் கேட்டுக்கு வெளியே தெருவைப் பார்த்தேன்.

மற்ற கார்களெல்லாம் எங்கே என்று கேட்பீர்கள். ஆபீசுக்குப் போனவை ஆபீசில் இருந்தன. வீட்டில் இருந்தவற்றை என்னைப் போலவே காலையில் பாலத்தில் விட்டுவிட்டார்கள். என்னை நம்பிப் படுத்துத் தூங்கியவர் ஒருவர்தான். மூழ்கியது ஒரு கார்தான்.

மூன்று நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் ஏழுமலை வீட்டுக் கடைசிப் படியில் நின்றுவிட்டது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. பால் படகில் வந்தது. நான்காம் நாள் காரை இழுத்து வெளியே போட்டார்கள். கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து சேறு வழிந்தது. மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஒரு தடவை பார்த்தார், மூடினார். அந்தக் கார் பழைய இரும்புக்குப் போயிற்று. ஏழுமலை யாரோ ஒருவருடைய டிராவல்ஸில் சம்பளத்துக்கு வண்டி ஓட்டப் போனார். முன்பு எங்கே இருந்தாரோ அங்கேயே திரும்பப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சங்கக் கூட்டம். இரண்டாம் மாடிக்காரர் ஒருவர் எழுந்து நேராகவே கேட்டார். "செயலாளருக்கு எத்தனை மணிக்குத் தகவல் வந்தது?"

நாக்கு எப்படிப் புரண்டது என்று எனக்கே தெரியாது. "நாலரை தாண்டித்தான்" என்றேன். "வந்ததும் போட்டுட்டேன்."

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஏழுமலை எழுந்தார். "சாரை இன்னாத்துக்குங்க கேக்குறீங்கோ? தண்ணி இன்னா சொல்லிகினா வருது? அவரு இன்னா பண்ணுவாரு. வுடுங்க" என்றார். காரைத் தொலைத்தவரே விட்டுவிட்ட பிறகு வேறு யார் பேசுவார்கள்? கூட்டம் டீ குடித்துவிட்டுக் கலைந்தது. நான் அன்றைக்கே செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். முதுகுவலி என்று காரணம் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தை ஒரே வரியில் எழுதினேன். அதற்குப் பிறகு குழுவின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். நாய்ச் சண்டை மறுபடி ஆரம்பித்தது.

ஒரு வருஷம் முழுக்க ஏழுமலையை நேருக்கு நேர் பார்க்காமல் ஓட்டினேன். அவர் கீழே நிற்கிறாரா என்று பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். எதிர்ப்பட்டுவிட்டால் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுவதுபோல் நடப்பேன். (ஒருநாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் மணி அடித்தது. அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.) வகுப்பில் பாரலல் ஸ்ட்ரக்சர் பாடத்தை வேறொரு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த மழைக்காலம் வந்தது. ஒருநாள் மத்தியானம் குழுவில் ஏழுமலையிடமிருந்து ஒரு செய்தி. 'தண்ணி. வண்டி எடு.' அவ்வளவுதான். அவருக்கு எடுப்பதற்கு வண்டி இல்லை. இருந்தாலும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, ஆண்கள் இல்லாத வீடுகளிலும் வயதானவர்கள் வீடுகளிலும் சாவியை வாங்கி, கார்களை அவரே ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் கதவையும் தட்டினார். நான்தான் திறந்தேன். நனைந்து சொட்டிக்கொண்டு நின்றார்.

"சார், சாவி குடுங்க. முதுகுவலியோட நீங்க ஓட்ட வேணாம்."

இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. ஆரம்பித்தேன். "ஏழுமலை, ஒரு விஷயம். போன வருஷம் நடந்ததுக்கு ஒரு செயலாளரா நான் பொறுப்பு, ஒரு பக்கத்து வீட்டுக்காரனா நான் வெட்கப்படறேன், ஒரு மனுஷனா நான்..."

"சார், சுருக்கமா சொல்லுங்க, தண்ணி வருது" என்றார்.

கிண்டல் எதுவும் இல்லை. உண்மையாகவே தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

"நாலு மணிக்கே எனக்குத் தெரியும் ஏழுமலை. பொய் சொன்னேன்."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரியும் சார். கார் முழுகின மறுநாளே வசந்தா அம்மா வந்து சொல்லிட்டாங்கோ. அழுதுகினே சொன்னாங்கோ. சாவி குடுங்க."

மறுநாளே. அப்படியானால் மொட்டை மாடிக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியபோது அவருக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தேன். வசந்தா சமையலறை வாசலில் கையில் சாவியோடு நின்றிருந்தாள். என்னைத் தாண்டிப் போய் அவரிடம் கொடுத்தாள். "பார்த்துப் போங்கோ" என்றாள்.

இந்தக் கதை பெங்களூரில் இருக்கும் என் மகள் நித்யாவுக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் நான் வாயைத் திறந்தாலே போதும். காய்கறி வாங்கியதைச் சொன்னாலும் சரி, டாக்டர் சொன்னதைச் சொன்னாலும் சரி, வீடியோ காலில் நித்யா கையை உயர்த்தி, "அப்பா, சுருக்கமா சொல்லுங்க, தண்ணி வருது" என்பாள். மாப்பிள்ளையும் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நான் மைக்கைப் பிடித்து மணமக்களை வாழ்த்த ஆரம்பித்ததும், பின்வரிசையிலிருந்து மச்சினன் சத்தமாகச் சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்கிறவள் வசந்தாதான்.

ஏழுமலை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது மட்டும் அதை யாரும் சொல்வதில்லை.